துளையிட்ட தகரப்பெட்டி

எங்களுடைய குசினிக்கு ட்ரவுட் மீன் முதன்முதலாக வந்த அன்று நாங்கள் அதைப் பழுதாக்கிவிட்டோம். விடியற்காலையில் கொன்று பனிக்கட்டியில் அடுக்கி வந்த பன்னிரண்டு மீன்கள். ஊரில் செய்வது போலக் கல்லுப்புப் போட்டு உரசி, வழும்பு போகும்வரை நாலு தண்ணீரில் அலசி, தட்டில் வரிசையாக வைத்தோம். செஃப் வந்து பார்த்தார். முதலில் பேச்சு வரவில்லை. பிறகு சாப்பாட்டு மண்டபத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

அன்றைய பட்டியலில் இருந்தது ‘நீல ட்ரவுட்’. செதில் சுரண்டாமல், கையால் அதிகம் தொடாமல், வினாகிரி விட்ட சுடுநீரில் மீனை மெல்ல இறக்கினால் அதன் தோல் நீலமாக மாறும். அந்த நீலம் வழும்பில்தான் இருக்கிறது. நாங்கள் தேய்த்துக் கழுவிச் சாக்கடையில் விட்டது அதைத்தான். பன்னிரண்டு மீனும் அன்றிரவு வெண்ணெயில் பொரிபட்டுப் போயின.

குசினி கழுவி முடிந்த பிறகு செஃப் ஒரு போத்தலோடு எங்களிடம் வந்தார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பது அவருடைய வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக ஏதாவது கதை சொல்வார். அவர் பிறந்தது பிரான்சின் கிழக்கே வோஸ்ஜ் மலைகளில், லா பிரெஸ் என்ற ஊரில். இன்று பெட்டியில் வந்த மீன் பண்ணையில் வளர்ந்தது, அது அமெரிக்காக்காரன், உடம்பில் வானவில் போலக் கோடு இருக்கும், எங்கள் ஓடையில் இருப்பது வேறு, அதற்குச் சிவப்புப் புள்ளி இருக்கும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: உலகத்தில் உள்ள இந்தப் பண்ணை மீன் எல்லாம், அவருடைய ஊரில் ஒரு ஏழை மீன்பிடிகாரன் ஒரு மீனின் வயிற்றைப் பெருவிரலால் தடவியதால் வந்தவையாம்.

குடித்துவிட்டுச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம்.

நாங்கள் மூவர் இந்தக் குசினியில். ஒருவர் முல்லைத்தீவுக் கடற்தொழில் குடும்பம். ஒருவருடைய பெற்றோர் 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். மற்றவர் பல்கலைக்கழகத்தில் வரலாறு இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடத்தைக் காணாதவர். எழுதுவது ஒரு கை என்றாலும் தேடியதும் போய்ப் பார்த்ததும் மூவரும் என்பதால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். பிரான்சின் தேசிய நூலகம் பழைய நூல்களையும் சங்கப் பதிவுகளையும் இணையத்தில் வைத்திருக்கிறது. மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில், கைத்தொலைபேசியில், அரைகுறைப் பிரெஞ்சோடு வாசித்தோம். செஃப் பொய் சொல்லவில்லை. ஆனால் கதை அவர் சொன்னதைவிட நீளம்.

மார்ச் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை பிரான்சில் ட்ரவுட் ஓடைகள் திறக்கும் நாள். செப்ரெம்பர் மூன்றாவது ஞாயிறோடு மூடிவிடுவார்கள். குளிர்காலம் மீன் முட்டையிடும் காலம். அந்தச் சனிக்கிழமை றெஸ்ரோறன் திருத்த வேலைக்காகப் பூட்டியிருந்தது. செஃப் தன்னுடைய பழைய காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

லா பிரெஸ் ஒரு பள்ளத்தாக்கு ஊர். மேலே ஒனெக் மலை 1,363 மீற்றர்; மார்ச்சிலும் அதன் தலையில் வெள்ளை. இரண்டு பள்ளத்தாக்குகளின் தண்ணீர் ஊருக்குள் வந்து சேர்ந்து மொஸ்லொத் என்ற சிற்றாறாகக் கீழே இறங்குகிறது. ரெமிர்மோன் நகரருகே அது மொசெல் ஆற்றில் விழுகிறது, மொசெல் ரைனில், ரைன் கடலில். ஊருக்கு மேலே பார்த்தால் ஆறு என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். சில இடங்களில் பாய்ந்து கடந்துவிடலாம். கருங்கல்லும் கூழாங்கல்லும், அவற்றுக்கிடையே கண்ணாடித் தண்ணீர்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு ஓடும் நன்னீர் என்பதே புதினம். வழுக்கியாறு மாரியில் மட்டும் ஆறு. கடற்கரை ஆட்களுக்குக் குளத்து மீன் என்றாலே மூக்குச் சுளிப்பு, சேறு மணக்கும் என்பார்கள். வன்னியில் விராலும் கெளுத்தியும் உண்டு. 1950களில் குளங்களில் விட்ட திலாப்பியாவும் உண்டு. ஆபிரிக்க மீனான அதற்கு எம்மவர் ‘ஜப்பான் மீன்’ என்று பெயர் வைத்ததன் நியாயத்தை யாராவது வாசகர் எழுதினால் நன்றி.

செஃப் பிடித்த முறையில் தக்கை கிடையாது. மெல்லிய நரம்பு, அதில் ஒன்றிரண்டு ஈயக்குண்டு, சின்னத் தூண்டிலில் மண்புழு. புழுவை நீரோட்டத்தோடு கல்லுகளுக்கிடையே உருளவிட்டு, நரம்பை விரலில் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். மீன் தொட்டால் விரலில் ‘டக்’ என்று தட்டும். ட்ரவுட் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, ஒரு கல்லின் மறைவில் நின்று, தண்ணீர் கொண்டுவரும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது பார்க்காத பக்கத்தால், பின்னால், கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். நிழல் விழக்கூடாது. எங்களுடைய முல்லைத்தீவு நண்பர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உது மீன்பிடி இல்லை, களவு.”

இனி ரெமிக்கு வருவோம்.

ஜோசெப் ரெமி 1804இல் லா பிரெஸில் பிறந்தவன். பள்ளிப் படிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஓடைகளில் மீன் பிடித்து விற்றுத்தான் சீவியம். 1829ஆம் ஆண்டுச் சட்டப்படி படகோடும் பெரிய ஆறுகளில் மீன்பிடி உரிமை அரசுக்கு. இப்படியான சிறு ஓடைகளில் அது கரைநிலக்காரருக்கு, ஒவ்வொருவருக்கும் ஓடையின் நடுக்கோடு வரை. நிலமில்லாத மீன்பிடிகாரன் பிறத்தியான் தண்ணீரில்தான் பிழைக்க வேண்டும். புரட்சி 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் தனியுரிமைகளை நீக்கியது. ஆனாலும் ஓடை மீன்பிடிகாரன் கைக்கு வந்து சேரவில்லை.

1840களை ஒட்டி ஓடைகளில் ட்ரவுட் குறைந்தது. மீன் குறைந்தால் அதை முதலில் அறிகிறவன் அதிகாரி இல்லை, சந்தைக்கு வெறுங்கூடையோடு போகிறவன். மற்றவர்கள் புறுபுறுத்தார்கள். ரெமி போய்ப் பார்த்தான். அவன் செய்தது அவ்வளவுதான், ஆனால் அதைச் செய்த இடமும் நேரமும் கவனிக்க வேண்டியவை: நவம்பர் மாதம், இரவு, நிலவு வெளிச்சம், இந்த ஓடைக்கரை. பனி விழுகிற காலம். அசைந்தால் மீன் ஓடிவிடும் என்பதால் ஈரக்கரையில் படுத்துக் கிடந்துதான் பார்க்க முடியும்.

அவன் கண்டது இது. பெட்டை மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் கூழாங்கல்லை அடித்து ஒரு பள்ளம் செய்கிறது. அதில் முட்டைகளை விடுகிறது. பக்கத்தில் நிற்கும் ஆண் தன் விந்தைப் பாய்ச்சுகிறது. தண்ணீர் ஒரு கணம் பால் போல வெளுக்கிறது. பெட்டை மீண்டும் வாலால் அடித்துக் கல்லை மூடுகிறது. பிறகு இரண்டும் போய்விடுகின்றன. காவல் இல்லை. மாரி வெள்ளம் கல்லைப் புரட்டுகிறது, வேறு மீனும் பூச்சியும் முட்டையைத் தின்கின்றன, சேறு படிந்து மூச்சடைக்கிறது. அத்தனை முட்டையில் எவ்வளவு வீண்!

இதைப் பார்த்தவன் அடுத்துச் செய்ததுதான் துணிவு. முட்டை முற்றிய பெட்டை மீனைப் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, வயிற்றில் பெருவிரலை அழுத்தாமல் அழுத்தி மேலிருந்து கீழே தடவினான். முட்டைகள் மணிமணியாக விழுந்தன. ஆண் மீனுக்கும் அப்படியே. தண்ணீர் வெளுத்ததும் மெல்லக் கலக்கினான். பிறகு அந்த முட்டைகளை, எங்கும் துளையிட்ட ஒரு தகரப்பெட்டிக்குள் பரவிய சரளைக்கல்லில் வைத்து, ஓடும் தண்ணீரில் இறக்கினான். துளையால் தண்ணீர் வரும், போகும்; தின்னும் வாய் வராது. ஓடையையே ஒரு பெட்டிக்குள் வைத்தான் என்று சொல்லலாம்.

காத்திருப்பு நீளம். தண்ணீர் 10 பாகையில் இருந்தால் ஆறு கிழமை அளவு. 5 பாகையில் ஏறக்குறைய மூன்று மாதம். இடையில் பெட்டியைத் திறந்து வெளுத்துச் செத்த முட்டைகளை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் மற்றதற்கும் பரவும். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்துப் பாத்திரம் கழுவுகிற எங்களுக்கு அந்த வேலை ஓரளவு தெரியும், விரல் நுனி முதலில் எரியும், பிறகு ஒன்றும் தெரியாது. குஞ்சுகள் பொரித்தன. கொஞ்ச நாள் வயிற்றில் தொங்கும் மஞ்சட்கருவிலேயே சீவித்தன. அது தீர்ந்ததும் என்ன கொடுப்பது? தவளை முட்டையைக் கொடுத்துப் பார்த்தான், தின்றன. வேறு சிறு மீன்களையும் கூடவே வளர்த்து, ஒன்றின் குஞ்சு மற்றதற்கு இரையாக வழிசெய்தான்.

இந்த வேலையில் அவனுக்கு ஒரு கூட்டாளி சேர்ந்தான், அதே ஊர் அந்துவான். அவனுடைய குடும்பப் பெயரைச் செஃப் உச்சரிக்கும்போது எங்கள் காதில் ‘ஜெயன்’ என்றே விழுகிறது, அப்படியே எழுதிவிடுகிறோம்.

1843இல் ரெமி மாகாண அதிபருக்குக் கடிதம் அனுப்பினான். செய்த முறையை விபரமாகச் சொல்லி, நாட்டுக்குப் பயன்படும் என்றான். எப்பினால் நகரத்தில் இருந்த அறிஞர் சங்கம் ஒன்று ஒரு பதக்கமும் கொஞ்சப் பணமும் கொடுத்தது. அதோடு சரி. பாரிசுக்குக் கதை போகவில்லை.

1848இல் கத்ரஃபாஜ் என்ற இயற்கை விஞ்ஞானி பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். மீன் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்யலாம், வற்றிப்போன ஆறுகளை இவ்வாறு நிரப்பலாம் என்று யோசனை சொன்னார். பத்திரிகைகள் எழுதின. அப்போதுதான் எப்பினால் சங்கத்தின் செயலாளரான வைத்தியர் அக்சோவுக்குப் பொறுக்கவில்லை. 1849இல் அவர் கழகத்துக்கு எழுதினார்: நீங்கள் செய்யலாம் என்கிறீர்கள், எங்கள் மலையில் இரண்டு மீன்பிடிகாரர் செய்து, குஞ்சு வளர்த்து, ஓடையில் விட்டும் ஆயிற்று. 1850இல் மில்ன் எட்வார்ஸ் என்ற பேராசிரியர் அரசின் சார்பில் விசாரித்து, அது உண்மை என்று அறிக்கை கொடுத்தார்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், எங்களுக்கும் வந்தது. இதைக் கண்டுபிடித்தவன் ரெமி என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. ஏறக்குறைய எண்பது வருடத்துக்கு முன்பே, ஜேர்மனியின் லிப்பே சிற்றரசில் ஹோஹென்ஹவுசன் என்ற ஊர்க்காரரான ஸ்ரெபான் லூட்விக் ஜாக்கோபி இதே வேலையைச் செய்து, 1760களில் ஹனோவர் சஞ்சிகை ஒன்றில் எழுதியும் விட்டார். அவருக்கு ஓய்வூதியம்கூடக் கிடைத்தது. அந்தக் கட்டுரை பிரெஞ்சிலும் வந்து, பெரிய நூல்களுக்குள் இருந்தது. கத்ரஃபாஜ் அதை அறிந்தவர். ரெமி அறியாதவன், அறிய வழியும் இல்லாதவன். ஒருவருக்கு நூல் இருந்தது, மீன் இல்லை. மற்றவனுக்கு மீன் இருந்தது, நூல் இல்லை. எண்பது வருடம் அலுமாரியில் கிடந்த அறிவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஈரக்கரையில் படுத்துக் கிடந்தவன்தான். இதில் யாரும் யாரிடமும் திருடவில்லை என்றே நினைக்கிறோம். பாரிசில் இருந்தவர்களுக்கு மலையில் யாரையாவது கேட்கலாம் என்ற எண்ணம் வரவில்லை, அவ்வளவுதான். எங்களுடைய ஊர்க் கடற்தொழிலாளரிடம் எந்தப் பல்கலைக்கழகம் போய்க் கேட்டது என்று முல்லைத்தீவு நண்பர் இடையில் கேட்டார். பல்கலைக்கழகம் போனவர் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு விடயம் ரெமியின் கையை விட்டுப் போயிற்று. 1852இல் அரசு 30,000 பிராங் ஒதுக்கியது. அல்சாசில், ரைன் ஆற்றங்கரையில், யூனாங் என்ற இடத்தில் பெரிய மீன்பொரிப்பகம் எழுந்தது. அதன் பின்னால் நின்ற பெரிய பெயர் பேராசிரியர் கொஸ்த். ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். இலட்சக்கணக்கான முட்டைகள் ஈரப்பாசியில் பொதிந்து பெட்டிகளில் போயின. ரஷ்யாவில் விராஸ்கி என்பவர் 1850களிலேயே முறையை இன்னும் திருத்தினார்: தண்ணீர் சேர்க்காமல் முட்டையையும் விந்தையும் முதலில் கலப்பது. தண்ணீர் பட்டால் ட்ரவுட்டின் விந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்; காய்ந்த பாத்திரத்தில் கலந்தால் கிட்டத்தட்ட எல்லா முட்டையும் பிடிக்கும். இன்றும் பண்ணைகளில் அதுதான் முறை. பெருவிரல் தடவுவது மட்டும் மாறவில்லை.

யூனாங் திறந்து அதிக காலம் போகுமுன் ரெமி இறந்தான். ஐம்பதை ஒட்டிய வயது. 1871இல் போரில் தோற்ற பிரான்ஸ் அல்சாசை இழந்தபோது யூனாங் பொரிப்பகமும் ஜேர்மனியிடம் போயிற்று. எல்லைக்கோடு லா பிரெஸுக்கு மேலே மலை முகட்டில் விழுந்தது.

மீன் அதற்குள் கப்பலேறிவிட்டது. 1864இல் ‘நோர்போக்’ என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது, அதன் பனிக்கட்டி அறையில், பாசியில் பொதிந்த சாமன் முட்டைகளோடு மூவாயிரத்துக்குக் கிட்டிய ட்ரவுட் முட்டைகளும் இருந்தன. ஜேம்ஸ் யூல் என்பவரின் ஏற்பாடு. பூமத்திய ரேகையைக் கடந்து மூன்று மாதப் பயணம். தாஸ்மேனியாவில் பிளென்ரி ஆற்றருகே முந்நூறு அளவில் பொரித்தன. அங்கிருந்து நியூசிலாந்து. பிரித்தானியர் எங்கே குளிரான மலையைக் கண்டார்களோ அங்கெல்லாம் இந்த மீனைக் கொண்டுபோனார்கள். நீலகிரியில் 1860களிலேயே முயன்று தோற்று, 1900களில் மீண்டும் முயன்று வென்றார்கள்.

1882இல் அது நுவரெலியாவுக்கு வந்தது.

இதைக் கைத்தொலைபேசியில் வாசித்தபோது எங்களுடைய மலையக நண்பர் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டார். “எங்க தாத்தா இந்த மீனத் தூக்கிக்கிட்டுத்தான் திரிஞ்சாரு” என்றார். தாத்தா ஒரு தோட்டத்தில் துரைக்கு எடுபிடி. துரை ஹோட்டன் சமவெளிக்கு மீன் பிடிக்கப் போகும்போது கூடையும் வலையும் சுமப்பது அவருடைய வேலை. ஓடைக்கரையில் மணிக்கணக்காகக் குளிரில் நிற்பாராம். மீனைக் குடல் எடுத்துப் புல்லில் சுற்றிக் கொண்டுவந்து பங்களாக் குசினியில் கொடுப்பாராம். அதன் சுவை எப்படி என்று பேரன் கேட்டபோது, “நமக்கு எப்படித் தெரியும்” என்றாராம்.

பிரவுன் ட்ரவுட் அந்த மலைகளில் நன்றாகப் பெருகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள், அது நிலைத்தது. கலிபோர்னிய மலை ஆறுகளில் பிறந்த மீன், பெலிஹுல் ஓயாவில் ஊராகிவிட்டது. ஹோட்டன் சமவெளியில் மட்டும் வாழும் ஒரு சின்ன நன்னீர் இறாலை அது தின்று குறைக்கிறது என்று இன்றைய ஆய்வாளர் கவலைப்படுகிறார்கள். அன்று துரைமாருக்கு அந்த இறாலைப் பற்றிக் கவலை இருந்திருக்காது. மீனுக்கோ பனிக்கட்டி, பாசி, பொரிப்பகம், கொக்கை விரட்டக் காவல் எல்லாம் இருந்தன. அந்த மலையைத் தோட்டமாக்கியவர்களை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதும், 1948 சட்டம் அவர்களுடைய பிரசாவுரிமையை எப்படி எடுத்தது என்பதும், 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டார்கள் என்பதும் எங்கள் வாசகர்களுக்குத் தெரிந்தவை. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை தீர்ந்தது. அந்த நண்பர் அன்று முழுக்க அதிகம் கதைக்கவில்லை. லா பிரெஸுக்குப் போவோம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

ஓடைக்குத் திரும்புவோம். லா பிரெஸில் ரெமி பார்த்த வீடுகளைத் தேடாதீர்கள் என்று செஃப் சொன்னார். 1944 நவம்பரில் பின்வாங்கிய ஜேர்மன் படை ஊர் ஆண்களைப் பிடித்து ஜேர்மனிக்குக் கொண்டுபோனது. மற்றவர்களை வெளியேற்றி, வீடுகளுக்குத் தீயும் வெடியும் வைத்தது. ஊரின் பெரும்பகுதி தரைமட்டம். செஃபின் பாட்டி அப்போது சிறுமி. கையில் ஒரு கோழியோடு மலையேறிப் போனாராம். கோழியை எதற்குக் கொண்டுபோனார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. நாங்கள் கேட்க நினைத்தோம், ஆனால் எங்களுக்கும் அப்படி ஒவ்வொரு பொருள் இருக்கிறது. ஒருவர் வீட்டுத் திறப்பை வைத்திருக்கிறார். வீடு இல்லை.

பத்துமணி போல ஓடைக்கரையில் ஒருவர் வந்தார். பச்சை உடுப்பு, தோளில் பை. மீன்பிடிக் காவலர். பிரான்சில் 1941 முதல் நன்னீர் மீன்பிடிகாரர் எல்லோரும் சங்கத்தில் சேர்ந்து அட்டை வைத்திருக்க வேண்டும். உடுப்பைக் கண்டதும் எங்களில் ஒருவருடைய கை தன்பாட்டில் மேலங்கியின் உள்பைக்குப் போய், இன்னும் முடிவு வராத அகதி விண்ணப்பத்தின் தற்காலிகத் துண்டை எடுத்து நீட்டியது. காவலர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, பெயரை வாசிக்க முயன்று, திருப்பிக் கொடுத்தார்.

“மிஸ்யே, எனக்கு இது வேண்டாம். மீன்பிடி அட்டை.”

அதுவும் இருந்தது. முதல்நாள் இரவு செஃப் நாலு பேருக்கும் ஒருநாள் அட்டை இணையத்தில் எடுத்திருந்தார். பெயர், பிறந்த திகதி, காசு. வேறு கேள்வி இல்லை, நேர்முக விசாரணை இல்லை. ஐந்து நிமிடத்தில் இந்த ஓடையில் எங்களுக்கு உரிமை கிடைத்திருந்தது. மாலை மட்டும்.

காவலர் நின்று கதைத்தார். அவர் சொன்னதில்தான் ரெமியின் கதைக்கு இன்றைய முடிச்சு இருக்கிறது. 1970கள், 80களில் தொழிற்சாலைப் புகையால் அமில மழை பெய்து, வோஸ்ஜின் கருங்கல், மணற்கல் ஓடைகள் சிலவற்றில் ட்ரவுட் அடியோடு இல்லாமல் போயிற்று. அந்தக் கல்லில் சுண்ணாம்பு இல்லை, அமிலத்தை ஆற்ற வழியில்லை. பல சங்கங்கள் பழைய வழக்கப்படி பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கி விட்டன. அவை நிலைக்கவில்லை. நிலைத்த இடங்களில் ஊர் மீனோடு கலந்து, அதன் சொந்த வம்சத்தை நலிவாக்கின. அதனால் இப்போது பல சங்கங்கள் குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டு, அணைக்கட்டுகளை உடைத்து வழி திறப்பதிலும், முட்டையிடும் கூழாங்கற் படுக்கைகளைச் சேறு படியாமல் காப்பதிலும் காசைப் போடுகின்றன. மீனை விடு, ஓடையைப் பார் என்பது புதிய கொள்கையாம்.

அப்படியானால் ரெமியின் வேலை வீணா என்று கேட்டோம். காவலர் தோளைக் குலுக்கினார். எங்கள் எண்ணம் வேறு. துளையிட்ட தகரப்பெட்டி ஒரு பஞ்சத்துக்கான மருந்து. அதைப் பிறகு தொழிலாக்கியவர்களும் கடல் கடத்தியவர்களும் வேறு ஆட்கள். நவம்பர் இரவில் கரையில் படுத்து, அந்தக் கல்லுக்கடியில் என்ன நடக்கிறது என்று பார்த்தானே, அதைத்தான் இப்போது உடுப்புப் போட்ட ஆய்வாளர்கள் செய்கிறார்கள்.

அன்று நாங்கள் பிடித்தவை மூன்று. இரண்டு, சட்டம் சொல்லும் 23 சென்ரிமீற்றருக்குக் குறைவு. கையை நனைத்துக்கொண்டு பிடித்து விட்டுவிட வேண்டும். காய்ந்த கை பட்டால் வழும்பு போய்விடும், வழும்பு போனால் பூஞ்சணம் பிடித்துச் செத்துவிடும் என்றார் செஃப். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் கல்லுப்பு உரசிய பன்னிரண்டு மீனும் அவருக்கு இன்னும் ஞாபகம்.

மூன்றாவது பெரியது. தாத்தா சுமந்த மீனின் பேரன் அதைக் கையில் வைத்துச் சிவப்புப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வெண்ணெயில் பொரித்துக் கொடுத்தபோது முதல் துண்டு அவருக்கு. எப்படி என்று கேட்டோம். “முள்ளு கூட” என்றார்.

பின்னேரம் எதிர்க்கரையில் நின்ற காருக்குப் போக வேண்டியிருந்தது. பாலம் தூரம். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஆழமில்லாத கூழாங்கற் படுக்கையில் இறங்கப் போனோம். செஃப் கத்தினார், குசினியில் கத்திய அதே குரல். மார்ச் மாதம்; போன மாரியில் இட்ட முட்டைகள் பொரித்து, குஞ்சுகள் இன்னும் மஞ்சட்கருப் பையோடு அந்தச் சின்னக் கல்லுகளுக்கு அடியில்தான் கிடக்கும். மிதித்தால் நசுங்கிவிடும். ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் கல்லும் தண்ணீரும்தான்.

நாங்கள் மேலே கொஞ்சம் நடந்து, பெரிய கருங்கல்லுகள் உள்ள இடமாகப் பார்த்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, கல்லுக்குக் கல் தாவிக் கடந்தோம். முல்லைத்தீவு நண்பருடைய ஒரு சப்பாத்து மட்டும் தவறி விழுந்து மொஸ்லொத்தோடு போயிற்று.